நாலாவது பூச்சு

நகரி,
புரட்டாசி முதல் சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

யாமினி எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. போனில் எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறாய். நானும் அதையேதான் சொல்கிறேன். அதனால் அதைக் கேட்டு முடித்ததாக வைத்துக்கொண்டு மற்றதை எழுதுகிறேன்.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. எதிர் வீட்டு ஷோபா அக்கா லீவு முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். ஊறுகாய் தருவதாக அத்தை சொன்னாள். நான் ஒரு கவர் தருகிறேன் என்றேன். "இந்தக் காலத்துல லெட்டரா? இன்னாடி அப்படி ரகசியம்?" என்று அக்கா சிரித்தார். ரகசியம் எல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்தான் உன் மேடம் உன்னிடம் போன் கொடுக்கிறார். அந்த நேரத்துக்குச் சரியாக தேவயானி அத்தை வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நைனாவின் அக்கா என்பதால் அவள்தான் முதலில் பேசவேண்டும். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நாலு பேர் கேட்கும்போது எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாவது பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு நீ குவைத் போனது மட்டும் காரணம் இல்லை. எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாமே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று நீ தரையைப் பற்றிப் பேசினாய் அல்லவா, அதைத்தான் எழுத வேண்டும். அத்தை உன்னிடம் பாதிதான் சொன்னாள். போன வாரம் கேஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரை முன் அறையில் தொப்பென்று வைத்தார். சிமெண்டுத் தரை உடைந்து சிலிண்டர் ஒரு பக்கமாக உள்ளே இறங்கிவிட்டது. "இன்னாமா, தரையா அப்பளமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஓட்டை என் உள்ளங்கை அளவுதான். ஆனால் அதைச் சுற்றி விரிசல் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. நூல் சுற்றும் மெஷினை அந்தப் பக்கம் வைத்தால் ஆடுகிறது. இப்போது சுவர் ஓரமாக நகர்த்தி வைத்துச் சுற்றுகிறேன்.

"மேல ஒரு பூச்சு போட்டுடுங்க, ரெண்டு வருசம் தாங்கும், அப்புறம் நான் வந்து பாத்துக்கறேன்" என்று நீ சொன்னாய். அத்தை சரி என்றாள். நைனாவும் சரி என்றார். உடனே சிமெண்டை எந்தக் கடையில் வாங்குவது என்று பேச்சு போய்விட்டது.

அம்மா, இந்தக் கார்த்திகையோடு உன் விசா முடிகிறது. போன தடவை வந்தபோது நீதான் சொன்னாய், இன்னும் ரெண்டே வருடம், அதோடு சரி என்று. நேற்று நீ சொன்ன ரெண்டு வருடத்தை அவர்கள் இருவரும் தரை தாங்கும் ரெண்டு வருடமாகத்தான் கேட்டார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நான் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் நல்லதுதான். உடனே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். போனைப் பிடித்திருந்த அத்தையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் யாமினி இருக்கிறாளா என்று நீ கேட்டாய். இருக்கேன்மா என்றேன். சாப்ட்டியா என்றாய். சாப்ட்டேன் என்றேன். அதற்குள் மேடம் கூப்பிட்டுவிட்டார்.

நாளை மேஸ்திரி வருகிறார். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஞாயிறு

வந்தது யார் தெரியுமா? பழனி மேஸ்திரி. கோபப்படாமல் முழுவதும் படி.

நைனா வேறு இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் திருப்பதியில் லாட்ஜ் கட்டுகிற வேலைக்குப் போய்விட்டார்கள், இந்தச் சின்ன வேலைக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். பழனி மேஸ்திரியும் தினமும் ரயிலேறி அங்கேதான் போகிறார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார். அத்தை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எட்டு வருடம் கழித்து நம் வீட்டு வாசல்படி ஏறினார். "தேவயானி அக்கா கூப்ட்டாங்கன்னுதான் வந்தேன். சிமெண்ட துன்னவன் வந்துட்டான்னு உங்கம்மாவுக்கு போன் கீன் போட்டு சொல்லிடாத பாப்பா" என்றார். இந்தத் தரையை அவர் போட்டு ஒரே வருடத்தில் வெடித்ததும் நீ தெருவில் நின்று அப்படித்தானே அவரைக் கேட்டாய்? அவர் மறக்கவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். அதை ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல் மேல் ஊற்றினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் தண்ணீர் காணாமல் போய்விட்டது. "எங்க போச்சு? பூமி குடிச்சா இத்தினி சீக்கிரம் குடிக்காதுமா" என்றார். பிறகு கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்து அறை முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். சுவர் ஓரத்தில் கணீர் என்றது. நடுவில் வந்ததும் காலி டப்பாவைத் தட்டுவது போல ஆகிவிட்டது. சத்தம் மாறுகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மேல்தோல் மட்டும் உரிந்திருந்தால் கொத்திவிட்டுப் பூசிக்கொள்ளலாம், அடியே அமுங்கிப் போயிருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், அது எது என்று தட்டினால் தெரிந்துவிடும் என்றார்.

கோடுகள் எல்லாம் சேர்ந்ததும் எனக்கு அந்த உருவம் தெரிந்துவிட்டது. நாம் முன்பு தறி வைத்திருந்தோமே, நைனா கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து நெய்த அந்தக் குழி. அதே நீளம், அதே அகலம். தறியை எடுத்த பிறகு அந்தக் குழியை மூடித்தானே மேலே சிமெண்டு போட்டோம். நைனா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோடு நாலாவது பக்கம் திரும்பும்போது டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். வீட்டில் அப்போதுதான் டீ போட்டிருந்தேன்.

திரும்பி வந்ததும், "அவ சொன்ன மாதிரி பூசிடு பழனி, வேற எதுவும் வேணாம்" என்றார். அத்தையும் விடவில்லை. பூச்சு என்றால் சரி, புரட்டாசி மாதத்தில் தரையைத் தோண்டவே கூடாது என்றாள். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல நீங்க எத்தினி வாட்டி பூசினாலும் பூசிக்கினே இருக்க வேண்டியதுதான். ஒரு வாட்டி என் பேரு கெட்டது போதும். எடுத்துப் போடறதுன்னா வரேன். பூசறதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்று சொன்னார் அம்மா, உடைக்க வேண்டியது கோடு போட்ட இடம் மட்டும்தானாம். மற்ற இடம் எல்லாம் இன்னும் கல் மாதிரி இருக்கிறதாம்.

செவ்வாய்

அம்மா, நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதை நானே உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நேற்று முழுவதும் தனியாக இருந்தேன். நைனாவுக்கு இந்த வாரம் விசைத்தறி ஷெட்டில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் பின்னறையில் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நான் நூல் சுற்றிக்கொண்டே அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசுவதற்கு அத்தை வேறு ஆள் பிடித்துவிட்டாள், அவன் வெள்ளிக்கிழமை வந்து பூசிவிடுவான். பூசிவிட்டால் நீ சொன்னபடி ரெண்டு வருடம் ஆகிவிடும். அது மட்டும் ஆகக் கூடாது என்று இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

திருப்பதியிலிருந்து வருகிற சாயங்கால ரயிலில்தான் மேஸ்திரி வருவார். நைனா வேலைக்குப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். புரட்டாசி என்பதால் கோவிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கூட்டமாக இறங்கினார்கள். மொட்டை போட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அவரைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயந்தேன். கடைசியில், கையில் டிபன் பாக்ஸ் பையோடு அவரே என்னைப் பார்த்துவிட்டு நின்றார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

எடுத்துடுங்க என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து யாரிடமும் பேசாததால் எனக்குக் குரலே வரவில்லை. சில நாள் அப்படி ஆகிவிடுகிறது, சாயங்காலம் முதல் வார்த்தை பேசும்போது கரகரக்கிறது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை சொன்னேன். "தரையை எடுத்துடுங்க. புதுசா போட்டுடுங்க."

"உங்கம்மா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவருடைய முகம் எப்படி ஆயிற்று என்று நீ பார்த்திருக்க வேண்டும். "என்னையே போடச் சொன்னாங்களா?" என்று மறுபடி கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். ஒரு பொய் இரண்டாகிவிட்டது. புதன், வியாழன் இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு வருகிறேன், சாமானையும் நானே சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வழியில் கடையில் நிறுத்தி எனக்குக் கால் கிலோ காராசேவு வாங்கிக் கொடுத்தார். அதை இன்னும் பிரிக்கவில்லை.

வியாழன்

நேற்றுக் காலை ஏழு மணிக்கெல்லாம் கடப்பாரைச் சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். "புரட்டாசில பூமியத் தோண்டறீங்களே, பெருமாளுக்கு அடுக்குமா?" என்றாள். மேஸ்திரி நிமிரவே இல்லை. "பூமியையா தோண்டறோம்? சொத்தப் பல்லு எடுக்கறோம் அக்கா, அதுக்கு நாளு பாத்தா வாய்தான் வீங்கும்" என்றார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அடக்கிக்கொண்டு போய்விட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த நைனா வாசலிலேயே நின்றுவிட்டார். யார் உடைக்கச் சொன்னது என்று கேட்டார். "உன் சம்சாரமே சொல்லிட்டாங்களாம், பாப்பா வந்து சொல்லிச்சே" என்றார் மேஸ்திரி. நைனா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

உடைந்த சில்லு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அடியில் பழைய தரை, அதன் மேல் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். முதல் பூச்சு, பழனி மேஸ்திரியோடு நீ சண்டை போட்ட பிறகு வேறு ஆளை வைத்துப் பூசியது. நடுவில் சிவப்பாக இருப்பது நீ குவைத் போவதற்கு முந்தின வாரம் நீயே உட்கார்ந்து பூசியது. மேலே இருப்பது இரண்டு வருடத்துக்கு முன் நீ லீவில் வந்தபோது போட்டது. ஒவ்வொரு தடவையும் இது தாங்கும் என்றுதான் சொன்னாய். தாங்கவும்தான் செய்தது.

பத்து மணிக்குக் குழி திறந்துவிட்டது. உள்ளே மண் இல்லை அம்மா. முழுவதும் நூல் கழிவு. மூட்டை மூட்டையாகக் கருத்து, மக்கிப்போய், ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. மேலே தரை சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல்தான் இத்தனை வருடம் படுத்துத் தூங்கியிருக்கிறோம். மேஸ்திரி ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். கருப்புத் தண்ணீர் வழிந்தது. பிறகு நைனாவிடம், "நாகேந்திரண்ணே, அன்னிக்கி மேல மண்ணு இருந்திச்சி, பாத்தேன். அடியில எவன் தோண்டிப் பாத்தான்?" என்று மட்டும் கேட்டார்.

நைனா அப்போதுதான் சொன்னார். குழியை மூட அன்றைக்குக் கிராவல் மண் கொண்டுவருகிறேன் என்று சொன்ன டிராக்டர் வரவில்லையாம். மறுநாள் விடிந்தால் தரை போட நீ பார்த்து வைத்த நல்ல நாள். பரண் மேல் இருந்த கழிவையும் ஷெட்டில் கிடந்ததையும் சாக்கில் அடைத்துக் குழியில் இறக்கிவிட்டு, ஒரு சாண் மண்ணைப் போட்டு நனைத்துவிட்டாராம். "நூலு மூட்டைடா பழனி. நாலு பேர் ஏறி மிதிச்சோம், ஒரு இஞ்ச் கூட அமுங்கல. கல்லு மாதிரி இருந்திச்சி" என்றார். பிறந்ததிலிருந்து நூல் மூட்டை மேல் ஏறி விளையாடியவருக்கு அது மக்கும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது.

"எட்டு வருசம் உங்க தெருவுல சைக்கிள்ள கூட வரலண்ணே நான்" என்றார் மேஸ்திரி. நைனா தலையைத் தூக்கவில்லை. அப்புறம் மேஸ்திரியே, "சரி சரி, நின்னுக்கினு இருந்தா ஆகாது, அந்தாண்ட சட்டிய எடு" என்று சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து கழிவை வாரி வெளியே கொட்டினார்கள். மத்தியானம் வரைக்கும் நைனா தூங்கவே இல்லை. கிராவலை ஒவ்வொரு சாணாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்தார்கள். இன்று காலை ஜல்லி போட்டுக் கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது.

நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு இத எழுதாத. நானே ஒரு நாளு சொல்லிக்கறேன்" என்றார். நான் தலையாட்டவில்லை. நீ அவரைத் திட்டாதே. நேற்று அவர் முகம் நன்றாக இல்லை. ஆனால் பழனி மேஸ்திரியிடம் நீ ஒரு வார்த்தை பேசிவிடு. நான் சொன்ன பொய்யில் பாதியாவது உண்மையாகிவிடும்.

சனி

நாளை விடியற்காலையில் ஷோபா அக்காவின் கார் சென்னைக்குப் போகிறது. இன்றைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நேற்று மத்தியானம் முன் அறையில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். இருபத்தோரு நாள் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மேஸ்திரியின் உத்தரவு. வீட்டுக்குள் ஒரு சின்ன குளம் இருப்பது போல இருக்கிறது. பலகை போட்டு அதன் மேல் நடக்கிறோம். பின்னறையில்தான் சமையலும் நூலும் எல்லாம்.

அப்போதுதான் உன் போன் வந்தது. பூச்சு போட்டாச்சா என்று கேட்டாய். அத்தை நைனாவைப் பார்த்தாள். நைனா, "ஆயிடுச்சி, எல்லாம் ஆயிடுச்சி" என்றார். அப்பாடா என்றாய். உன் மேடம் வீட்டுக் குழந்தைக்கு முதல் பல் ஆடுகிறது, நீ தொட்டால்தான் அழாமல் காட்டுகிறாள் என்று சொன்னாய். அவள் பிறந்த மாதம்தானே நீ அங்கே போய்ச் சேர்ந்தாய். அதற்குள் பல் விழுகிற வயதா வந்துவிட்டது? நான் பலகை மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் சாப்ட்டேன் என்றுதான் சொன்னேன். அத்தை உன்னிடம் விசாவைப் பற்றிக் கேட்பாள் என்று கடைசி வரை காத்திருந்தேன். அவள் ஊறுகாயைப் பற்றித்தான் கேட்டாள்.

அம்மா, இப்போது தரை சரியாகிவிட்டது. நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும் என்கிறார் மேஸ்திரி. மழை வந்தால் ஒழுகுமோ என்று மேலே ஏறிப் பார்த்துவிட்டேன், ஒழுகாது. பின் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றியாகிவிட்டது. மோட்டார் ஓடுகிறது. நைனாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு ஆகிவிடுகிறது. நீ வந்து பார்த்துக்கொள்ள வேண்டியது என்று இந்த வீட்டில் இனி ஒரு வேலையும் இல்லை. வேலை ஏதாவது இருந்தால்தான் நீ வருவாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எதையும் சரிசெய்யாமல் விட்டு வைத்தேனோ என்னவோ.

கார்த்திகையில் சும்மா வா. ஒன்றும் கொண்டுவர வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம்.

வர முடியாது என்றால், ரெண்டு வருடம் என்பது முடிவாகிவிட்டது என்றால், அதை அத்தையிடமோ நைனாவிடமோ சொல்லி அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை போனில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நீயே சொல். ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை, யார் இருந்தாலும் பரவாயில்லை. நான் பதில் பேசாவிட்டால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

கை கால் வலிக்குத் தைலம் ஷோபா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஏசி காற்றில் நேராகப் படுக்காதே. பெருமாள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

உன் மகள்,
யாமினி